கடைசிவரை அப்பாவிடம் கேட்டுத்தான் செய்தோம்

அப்பா 1928இல் நாகப்பட்டினத்தில் பிறந்தார். 2022இல், 94 வயதில், திருச்சி பொன்மலைப்பட்டியில் அவர் கட்டிய வீட்டிலேயே காலமானார். 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தார்' என்று கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அச்சடித்தோம். எல்லா அப்பாக்களுக்கும் அதைத்தான் அச்சடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவர் எப்படி வாழ்ந்தார், வயதான பிறகு நாங்கள் அவரை எப்படி வைத்துக்கொண்டோம் என்பதை விவரமாக எழுத வேண்டும் என்று இருந்தது. 80, 90 வயதுப் பெரியவர் இருக்கிற வீட்டில் இதில் சில விஷயங்களாவது உதவும் என்று நம்புகிறேன்.

அந்தக் காலத்தில் தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் கடைசியில் அதைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு மாற்றினார்கள். பட்டறை போன இடத்துக்குத் தொழிலாளர் குடும்பங்களும் போயின. எங்கள் தாத்தா பட்டறையின் ஃபவுண்டரியில், உலோகத்தை உருக்கி வார்க்கிற பகுதியில், வேலை பார்த்தவர். கைக்குழந்தையாக இருந்த அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி ரயிலேறினாராம். பொன்மலையிலேயே வளர்ந்தும், 'நம்ம ஊரு' என்று அப்பா சொன்னால் அது நாகைதான்.

1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத் திடலில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். தாத்தா அன்று திடலில் இருந்தவர். அப்பாவுக்கு 18 வயது. அடுத்த வருடமே தாத்தா காய்ச்சலில் போய்விட்டார். அப்பா பட்டறையில் கலாசியாக, அதாவது உதவித் தொழிலாளியாக, வேலையில் சேர்ந்தார். வீட்டில் பாட்டி, மூன்று தங்கைகள், கடைக்குட்டியாக ஒரு தம்பி. 19 வயதில் வந்த அந்தப் பொறுப்பை அவர் கடைசிவரை இறக்கி வைக்கவே இல்லை.

அவருக்கு பாய்லர் ஷாப்பில் வேலை. நீராவி என்ஜினின் பாய்லரைப் பழுது பார்க்கிற இடம் அது. தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளையில் செருகி, உள்ளே ஒருவர் தாங்கிப் பிடிக்க, வெளியே இன்னொருவர் காற்றுச் சுத்தியலால் அடிப்பார். அப்பா ஒல்லியான ஆள் என்பதால் இளவயதில் அவரைத்தான் உள்ளே இறக்குவார்கள். இரும்பு உருளைக்குள் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்காக அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வதைத் தவிர அன்றைக்கு வேறு பாதுகாப்பு கிடையாது. பாய்லர் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், எங்கள் வீட்டில் அது பெரிய கதை.

தங்கைகளில் இரண்டு பேரைக் கட்டிக்கொடுத்த பிறகுதான், 1955இல், அவர் கல்யாணம் செய்துகொண்டார். மூன்றாவது அத்தையின் கல்யாணம் அம்மா வந்த பிறகு நடந்தது. ஒவ்வொன்றுக்கும் பி.எஃப். கடன். ஒரு கடன் அடைகிற மாதம் அடுத்த கடனுக்கு விண்ணப்பம் எழுதுவார். சித்தப்பாவை வாத்தியார் பயிற்சிக்கு அனுப்பினார். எங்கள் நான்கு பேரையும் படிக்க வைத்தார். பெண் பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரும் கல்லூரிக்குப் போனபோது உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். "ரயில்வே பாஸ்ல ஊரெல்லாம் போற பிள்ளைங்க, காலேஜுக்குப் போகக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

1974 மே 8 அன்று ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 27 வரை நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ராத்திரியில் குவார்ட்டர்ஸ் கதவைப் போலீஸ் தட்டும் என்று பயந்து அப்பா கும்பகோணத்தில் பெரிய அத்தை வீட்டில் இருந்தார். சம்பளம் இல்லை. அந்த நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அத்தைமார்களால்தான். ஒருவர் அரிசி அனுப்புவார், இன்னொருவர் பருப்பும் எண்ணெயும். அண்ணன் செய்ததைத் திருப்பிக் கொடுப்பதாக அவர்கள் நினைக்கவே இல்லை. அப்பா மட்டும் திரும்பி வந்ததும் வந்த அரிசி எத்தனை படி, பருப்பு எத்தனை படி என்று அம்மாவிடம் கேட்டு நோட்டில் எழுதிவைத்தார். அடைப்பதற்காக எழுதவில்லை, மறக்கக்கூடாது என்பதற்காக. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதன்பிறகு எந்தத் தீபாவளிக்கும் எங்களுக்குத் துணி எடுப்பதற்கு முன்னால் அத்தைகளுக்குச் சேலை எடுத்துவிடுவார்.

அப்பாவின் கணக்கு நோட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1986இல் 58 வயதில் ஓய்வு பெற்றபோது பென்ஷனில் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து, அதாவது மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தமாக வாங்கி, கிராஜுவிட்டியோடு சேர்த்து வீடு கட்டினார். அப்படி வாங்கினால் 15 வருடம் கழித்து முழுப் பென்ஷன் திரும்ப வரும். 1986 நோட்டின் கடைசிப் பக்கத்தில் '2001ல் முழுப் பென்ஷன். வங்கியில் கேட்கவும்' என்று எழுதியிருந்தார். 2001இல் 73 வயதில் அதே நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார். தன் பணத்தைத் தானே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், வங்கியோ அலுவலகமோ தேடி வந்து தராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பென்ஷன்தாரர்கள் வீட்டில் இந்த மாதிரித் தேதிகளை ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவைத்தால் நல்லது. 80 வயதில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40 என்று அடிப்படைப் பென்ஷனுக்கு மேல் கூடுதல் தொகை உண்டு. நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும், 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

80 வயதில் கூடிய 20 சதவீதத்தை அப்பா தொடவில்லை. சித்தப்பா அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். "வயசுக்காகக் கொடுக்கிற காசு. எனக்கென்ன செலவு இருக்கு?" என்று சொல்லி மாதாமாதம் சித்தி கையில் கொடுத்துவிடுவார்.

இனி, நாங்கள் பார்த்துக்கொண்ட கதை.

அடுத்த தெருவில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருந்தார், அதே ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் பிள்ளைகள் தங்கமானவர்கள். அவருக்குச் சிரமம் கூடாது என்று ஒவ்வொரு வேலையாக வாங்கிக்கொண்டார்கள். பால் வாங்கப் போக வேண்டாம், கரண்டு பில் கட்ட வேண்டாம், வங்கிக்கு வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கொஞ்ச மாதத்தில் மனிதர் ஷேவ் செய்வதையே விட்டுவிட்டார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அப்பா என்னிடம், "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் போடுறாங்க பாப்பா. ஆனா அவன்கிட்ட யாரும் எதையும் கேக்குறதில்ல" என்றார்.

அன்று ராத்திரி அண்ணனும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அப்பாவிடமிருந்து உடம்பால் முடியாததை மட்டும்தான் வாங்குவது. தெரிந்து முடிவெடுக்கிற எதையும் வாங்குவதில்லை. கரண்டு பில்லை அண்ணன் போனில் கட்டுவான், ஆனால் தொகையை அப்பாவிடம் சொல்லி நோட்டில் எழுதச் சொல்வான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வந்ததும் முந்தைய பில்லோடு ஒப்பிட்டு, "ஏன் இவ்வளவு ஏறியிருக்கு, ஏசியா?" என்று கேட்பார். பதில் சொல்லியே ஆக வேண்டும். பென்ஷனில் வீட்டுச் செலவுக்கான தொகையைப் பணமாகவே எடுத்து வந்து கொடுப்போம். அதை அவர் எண்ணி, அம்மா கையில் கொடுப்பார். போனிலேயே எல்லாம் செய்யலாமே என்று பேரப்பிள்ளைகள் சொன்னார்கள். செய்யலாம்தான். ஆனால் மாதம் ஒருநாள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நோட்டுகளை எண்ணுகிற பத்து நிமிடம் அவர் இந்த வீட்டுக்குத் தலைவர். அதை எடுத்துவிட்டு வேறு என்ன மரியாதை செய்ய முடியும்?

90 தாண்டியதும் கூட்டல் தப்ப ஆரம்பித்தது. அவர் எழுதியதன்மேல் அடித்துத் திருத்துவதில்லை என்று வைத்துக்கொண்டோம். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, ரெண்டு பேரும் தனித்தனியா கூட்டுவோம், ஒத்துப்போகுதா பாப்போம்" என்பாள். பாதி நாள் அவரே தன் பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். இன்னொன்றும் பழகிக்கொண்டோம். ஞாபகம் மங்கும்போது, 'என்ன செய்யலாம்பா?' என்று பொதுவாகக் கேட்டால் திணறுவார், கோபம் வரும். 'அத்தை வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போகலாமா, ஞாயிற்றுக்கிழமை போகலாமா?' என்று இரண்டில் ஒன்றாகக் கேட்டால் தெளிவாகப் பதில் வரும். முடிவும் அவருடையதாகவே இருக்கும்.

காது விஷயத்துக்கு வருகிறேன். சத்தத்தால் கெடுகிற காதில் முதலில் போவது கீச்சுக்குரலைக் கேட்கிற சக்தி. அதனால் ஆண்களின் கனத்த குரல் கேட்கும், பெண்கள், குழந்தைகள் பேசுவது கேட்காது. அம்மா கூப்பிட்டால் திரும்ப மாட்டார், அண்ணன் கூப்பிட்டால் திரும்புவார். அம்மாவுக்கு வருடக்கணக்காக அதில் மனவருத்தம். வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார் என்று உறவுக்காரர்களும் சொல்வார்கள். காது பரிசோதனை செய்து, எந்தக் குரல் எந்த அளவில் விழுகிறது என்று வரைபடத்தில் காட்டியபோதுதான் அம்மாவுக்குப் புரிந்தது. வெளியே வந்து, "இத்தன வருஷமா நான் பேசுனதே கேக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டு அழுதார். அப்பாவுக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை. நான்தான் கிட்டே போய்ச் சொன்னேன்.

வீட்டில் பெரியவர் பதில் சொல்லவில்லை என்றால் பிடிவாதம், மறதி என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் ஒருமுறை காதைப் பரிசோதித்துவிடுங்கள். கத்திப் பேசினால் பிரயோஜனமில்லை, கத்தும்போது குரல் இன்னும் கீச்சென்று போகும், வார்த்தை சிதையும். முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில் நின்று, குரலைத் தணித்து நிதானமாகப் பேச வேண்டும். டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். காதுக்கருவியை வாங்கின அன்றே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் இரைச்சல் தாங்காமல் கழற்றி எறிந்துவிடுவார்கள். முதலில் வீட்டில், அமைதியான அறையில், தினம் கொஞ்ச நேரம் என்று பழக்க வேண்டும். கருவி இல்லாத நேரத்துக்கு அப்பாவின் கட்டிலருகே சிலேட்டும் பல்பமும் வைத்தோம். பட்டறையில் இரும்புத் தகட்டில் சாக்பீஸால் குறி போட்டுப் பழகியவர், அதை மிகவும் விரும்பினார். கொள்ளுப்பேத்தி எழுத்துப் பழகியது அந்தச் சிலேட்டில்தான்.

விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் சுவரோடு கைப்பிடி, ராத்திரி எரிகிற சின்ன விளக்கு, காலில் தட்டாத நாலு முழ வேட்டி. படுக்கையிலிருந்து எழுந்தால் உடனே நிற்கக்கூடாது, கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். வயதானால் தாகம் சரியாகத் தெரிவதில்லை, அதனால் அவர் கேட்காவிட்டாலும் தண்ணீரோ மோரோ கொடுத்துக்கொண்டே இருந்தோம். கடைசி மாதங்களில் படுக்கையோடு ஆகிவிட்டபோது ஏர் பெட், அதாவது காற்று மெத்தை, வாங்கினோம். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தே ஆக வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பார்த்தோம். தோல் சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைப்பதில்லை. புண் வரவே இல்லை. அதற்காக ராத்திரி முறை வைத்து விழித்த என் அண்ணியை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

காகித வேலைகளில் அப்பா எங்களுக்குச் செய்துவிட்டுப் போனது பெரிய உதவி. 1986இல் கொடுத்த பென்ஷன் ஆணையில், அதாவது பி.பி.ஓ.வில், அம்மா பெயர் இருந்தது, பிறந்த தேதி இல்லை. பழைய பென்ஷன்தாரர்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். குடும்பப் பென்ஷனிலும் 80 வயதிலிருந்து கூடுதல் தொகை உண்டு, ஆனால் மனைவியின் வயது பதிவாகியிருந்தால்தான் அது தானாக வரும். அப்பா இருக்கும்போதே, அவர் கையெழுத்திலேயே மனு எழுதி, அம்மாவின் வயதுச் சான்றை வைத்து அதைச் சேர்த்துவிட்டோம். பென்ஷன் கணக்கையும் இருவர் பெயரிலும் மாற்றியிருந்தார். அவர் போன பிறகு வங்கி ஊழியர் ஒருவர் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி அம்மாவைத் திருப்பி அனுப்பினார். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் இருந்தால், குடும்பப் பென்ஷனுக்கு இறப்புச் சான்றிதழும் விண்ணப்பமும்தான் தேவை. மேலதிகாரியிடம் அதை எடுத்துச் சொன்ன பிறகு முடிந்தது.

வீட்டில் இறந்தால், பார்த்துவந்த மருத்துவரிடம் சான்று வாங்கி 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். பதியும்போது பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் பி.பி.ஓ.விலும் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது மிக மிக முக்கியம். துக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை, பிறகு ஒரு எழுத்துக்காக அலைய வேண்டியிருக்கும்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிடலாமே என்று வேண்டியவர்கள் அப்பாவிடம் சொன்னார்கள். மறுத்துவிட்டார். செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தால் அன்றைக்கே சொத்து கைமாறிவிடும். உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும். எங்கள்மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. "நான் போனப்புறமும் உங்கம்மா சொந்த வீட்டுல இருக்கணும், மகன் வீட்டுல இல்ல" என்றார். அம்மாவுக்கு ஆயுள்வரை அனுபவ உரிமை, அதற்குப் பிறகு நான்கு பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று உயில் எழுதினார். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்தார். பிறகு எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். சாட்சிகளைவிட அந்தப் படித்துக்காட்டல்தான் எங்களுக்குள் பேச்சு வராமல் காத்தது என்று நான் நினைக்கிறேன்.

அவர் பேச்சைப் பதிவு செய்ய ஆரம்பித்தது 2016வாக்கில். 'உங்க வாழ்க்கையைச் சொல்லுங்கப்பா' என்றால், "என்னத்தச் சொல்ல" என்று நிறுத்திக்கொள்வார். பொருளையோ போட்டோவையோ கையில் கொடுத்தால் பேச்சு வரும். சாயங்காலம் காபி குடித்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு போட்டோ. பழைய பட்டறை டோக்கனைக் கொடுத்தபோது, காலையில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வரிசையாகப் பட்டறையின் ஆர்மரி கேட்டுக்குள் நுழைகிற கதை வந்தது. கல்யாணம் ஆன புதிதில் பாஸ் எடுத்து அம்மாவோடு போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், சிலோன் கப்பல் கிளம்புவதைக் கரையில் நின்று பார்த்த கதை, கையிலிருந்த பழைய பித்தளைக் கூஜாவால் வந்தது. 1964 டிசம்பர் புயலில் அந்த ஊரும் ரயில் பாதையும் கடலோடு போயின. நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலையில் புதிதாக நீராவி என்ஜின் செய்கிறார்கள் என்று 2011வாக்கில் வந்த செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டியிருந்தார். அதைக் காட்டியதும் ரிவெட் அடிப்பதைக் கையால் நடித்தே காட்டினார். அந்தப் பதிவில் பேச்சைவிடச் சிரிப்புதான் அதிகம்.

போனில் பதிவு செய்தால் அன்றைக்கே தேதியும் பொருளும் எழுதிப் பெயரிட்டு, இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் பதிந்துவிடும், மையும் ஊறும். மென்மையான பென்சில் போதும். பெயர், உறவு, ஊர், தோராயமான வருடம். பாய்லர் ஷாப் குரூப் போட்டோவில் இருந்தவர்களை அப்பா ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினோம். அவரைத் தவிர அந்தப் பெயர்களைச் சொல்ல ஊரில் யாரும் மிச்சமில்லை.

சித்திக்கு அவர் கொடுத்துவந்த தொகையை இப்போது நாங்கள் நால்வரும் பங்கிட்டுக் கொடுக்கிறோம். கணக்கு நோட்டு அம்மாவிடம் போயிருக்கிறது. குடும்பப் பென்ஷன் பணத்தை அம்மா எண்ணி வாங்குகிறார், பால் கணக்கை அவர்தான் எழுதுகிறார். மாடியில் குடியிருப்பவர்களுக்கு வாடகையைக் கூட்டலாமா என்று போன மாதம் அண்ணன் கேட்டான். "அவங்க பொண்ணுக்குப் பன்னெண்டாவது பரீட்சை. அது முடியட்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால் ஏப்ரல் வரை பழைய வாடகைதான்.